வரி போட்டால் சரக்கு, பழுதானால் உரிமமா?

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க விட்டதற்காக 2022-ல் அமேசானுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1 லட்ச ரூபாய் அபராதம் போட்டது. விற்ற 2,265 குக்கரையும் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடு என்றும் சொன்னது. இத்தனைக்கும் அந்தக் குக்கர்கள் வெடித்துவிட்டன என்று யாரும் சொல்லவில்லை, முத்திரை இல்லை, அவ்வளவுதான்.

மென்பொருளில் கதையே வேறு. இன்ஸ்டால் செய்யும்போது யாருமே படிக்காமல் 'சம்மதம்' தட்டுகிற அந்த நீள உரிம ஒப்பந்தத்தில், சரக்கு இருக்கிறபடிதான் கிடைக்கும், எந்த உத்தரவாதமும் இல்லை, உனக்கு எவ்வளவு நஷ்டமானாலும் நீ கட்டிய தொகைக்கு மேல் தரமாட்டோம் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கணினிப் பாதுகாப்பு மென்பொருள் விற்கும் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட் 21-வது மதிப்பு ஒன்றைத் தேடியது, ஆனால் நிரல் கொடுத்தது 20 தான். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. ஹைதராபாத் விமான நிலையத்தில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் மற்றவர்களுக்கு அனுப்புவது இந்தத் தொழிலில் புதுமுகத்துக்கும் தெரிந்த பழக்கம். அதைக்கூடச் செய்யவில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? பொருளால் பாதிப்பு வந்தால் தயாரித்தவரே பொறுப்பு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் 'பொருள்' என்பதற்கு அது தரும் விளக்கம் வாயு, திரவம், திட நிலையில் இருக்கக்கூடியது என்று போகிறது. செல்போன் ஆப் இதில் எந்த நிலை என்று வக்கீல்கள்தான் சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால், விற்பனை வரி வசூலித்த காலத்தில் இந்தக் குழப்பமே இருக்கவில்லை: கடையில் பெட்டியில் விற்கிற மென்பொருள் சரக்குதான் என்று டிசிஎஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் சுற்றி வளைக்கவில்லை. 2024-ல் கொண்டுவந்த புதிய விதியில் மென்பொருளும் பொருள்தான் என்று நேரடியாகவே எழுதிவிட்டார்கள், உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் அதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும். உங்கள் சொந்தத் தரவு அழிந்துபோனாலும் இழப்பீடு கேட்கலாம். வியாபார நோக்கமில்லாமல் இலவசமாகத் தரப்படும் திறமூல மென்பொருளுக்கு (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்தது) விலக்கு உண்டு, அது நியாயமும்கூட. ராத்திரி கண்விழித்துச் சும்மா எழுதிக் கொடுப்பவர் மேல் யார் கேஸ் போடுவது? காசு வாங்கியவரைத்தான் நான் கேட்கிறேன்.