பிறந்தநாளுக்கு நான்கு நாட்களுக்கு முன் போட்ட தடுப்பூசி

என் அக்கா மகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரசுக்கு எதிரான தடுப்பூசி போட்டு இரண்டு வாரங்கள் ஆகின்றன. 15 வயது நிறைவடைய அப்போது நான்கே நாட்கள் இருந்தன என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. நாங்கள் சேர்ந்த அரசுத் திட்டத்தில் 9 முதல் 14 வயது வரையுள்ள சிறுமிகளுக்கு மட்டுமே இலவசம்.

பள்ளியில் முகாம் நடந்த அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள். விடுபட்டவர்கள் சுகாதார மையத்துக்கு வரலாம் என்றார்கள். அரை நாள் விடுப்பு எடுத்து, பிறப்புச் சான்றிதழும் நிரப்பிய ஒப்புதல் படிவமுமாக அவளை அழைத்துச் சென்றேன். பதிவு மேசையில் இருந்தவர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, “நீங்கள் அம்மாவா?” என்று கேட்டார். சித்தி என்றேன். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா வெளிநாட்டில் வேலை செய்கிறாள், ஆறு ஆண்டுகளாக இவள் என்னிடம்தான் வளர்கிறாள், வேறு எந்தத் தாளைக் கொண்டுவந்தால் ஏற்பீர்கள் என்று கேட்டேன். “அம்மாவை வரச் சொல்லுங்கள்” என்பதைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

அன்றிரவே அக்காவிடம் ஒப்புதல் கடிதம் எழுதி வாங்கி, அச்செடுத்துக்கொண்டு இரண்டு நாள் கழித்துப் போனேன். அன்று தடுப்பூசி நாளே இல்லையாம். வாரத்தில் ஒரு நாள்தான் போடுவார்களாம். முதல் முறை வந்தபோது இதை ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே, புறப்படும் முன் தொலைபேசியில் கிழமையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைப்பட்ட நாட்களில் சரியாகத் தூக்கமில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த வைரசின் 16, 18 ஆகிய இரு வகைகளே காரணம் என்பதையும், தொற்று நேரும் முன்பே போட்டால்தான் தடுப்பூசி முழுப் பயன் தரும் என்பதையும் படித்திருந்தேன். 2030க்குள் 90 விழுக்காடு சிறுமிகளுக்கு 15 வயதுக்குள் இது போடப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த இலக்கு. 15 வயதைத் தாண்டியவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதன் விலையைக் கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு, இலவசம் முடியும் நாளோடு வாய்ப்பும் முடிந்துவிடுகிறது. தாத்தா பாட்டியிடமோ விடுதியிலோ வளரும் பெண்களும், பள்ளியை விட்டு நின்றுவிட்டதால் முகாம் நடப்பதே தெரியாத பெண்களும் இப்படித்தான் விடுபட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் முறை அதே மேசை, அதே மறுப்பு. இம்முறை நான் நகரவில்லை. எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். பேச்சுக் குரல் கேட்டு உள்ளேயிருந்து வந்த செவிலியர் படிவத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். “பெற்றோர், அல்லது பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் பெற்ற பாதுகாவலர்” என்று அங்கே சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. மூன்று முறையும் அந்தத் தாள் பதிவு மேசைக்காரர் கையில்தான் இருந்தது, என் கையிலும்தான். படிவத்தின் இரு பக்கங்களையும் வீட்டிலேயே படித்துவிடுங்கள் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஊசிக்குப் பின் சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரக்கூடும் என்பதால் 15 நிமிடங்கள் உட்கார வைக்கிறார்கள். வெறும் வயிற்றோடு அழைத்துச் செல்லாதீர்கள். தேதியும் மருந்தின் தொகுதி எண்ணும் (பேட்ச் எண்) தடுப்பூசி அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். எங்கள் அட்டையில் தொகுதி எண் விடுபட்டிருந்தது. கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள்.

அவளுடைய தங்கைக்கு அடுத்த ஆண்டு 9 வயது நிறைவடைகிறது. அவளுக்கான ஒப்புதல் கடிதத்தை அக்காவிடம் இப்போதே எழுதி வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்துவிட்டேன்.