அமெரிக்கச் சட்டப் படிப்பு: உதவித்தொகையைக் கூட்டிக் கேட்கலாம்

யாழ்ப்பாணத்தில் ஸ்கொலர்ஷிப் என்றால் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைதான். வெட்டுப்புள்ளிக்கு மேலே நின்றால் வீட்டில் கேக், கீழே நின்றால் அழுகை. ஏ.எல்.லிலும் அதே கதை, இசட் ஸ்கோரைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடமும் பேரம் பேச முடியாது. இப்படியே வளர்ந்ததால், அமெரிக்கக் கல்லூரி ஒன்று ஆண்டுக்கு 20,000 டொலர் தருவதாக எழுதியபோது, கூட்டிக் கேட்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அம்மாவும், "தாறதை வாங்கிக்கொண்டு பேசாமல் போ பிள்ளை" என்றா.

அந்தக் கடிதம் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே சட்டம் என்பது ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் மூன்று வருட ஜே.டி. பட்டம். நான் பொருளியல் படித்தவள். "லோ கொலிஜ் என்ட்ரன்ஸ் எழுதினனீரோ?" என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லியே அலுத்துப்போனேன்.

நம்மைப் போன்றவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று. விண்ணப்பங்களைத் தொகுத்து அனுப்பும் எல்சாக் நிறுவனம் நம்முடைய பெறுபேறுகளை அமெரிக்க ஜி.பி.ஏ. ஆக மாற்றாது. 'சராசரிக்கு மேல்' என்பதுபோல ஒரு மதிப்பீட்டை மட்டும் எழுதிவிடும். அதனால் கல்லூரி வெளியிடும் ஜி.பி.ஏ. இடைநிலை (மீடியன்) கணக்கில் நாம் சேர்வதில்லை. சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுப் பரீட்சையான எல்சாட்டின் புள்ளி இடைநிலையில் சேர்கிறோம். தரவரிசைக்காகக் கல்லூரிகள் அந்த எண்ணை உயர்த்தப் படாதபாடு படுகின்றன. உதவித்தொகையில் பெரும்பகுதி தர்மக் காசு அல்ல, அந்த எண்ணுக்குக் கொடுக்கும் விலை. ஹார்வர்ட், யேல், ஸ்டான்போர்ட் வேறு ரகம். அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி.

எல்சாட் 120 முதல் 180 வரை. 2024 ஆகஸ்டோடு லொஜிக் கேம்ஸ் பகுதி போய்விட்டது, இப்போது வாதங்களை அலசுவதும் வாசிப்பும்தான். முதல் தடவை எனக்கு 158. அதன்பின் மாதிரித் தாள்களைக் குறைத்துவிட்டு, பிழைவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பிழையான விடை ஏன் சரிபோலத் தெரிந்தது என்று ஒரு கொப்பியில் எழுதினேன். மூன்று வாரத்தில் குட்டு வெளிப்பட்டது. 'சில' என்று வாசித்தவுடன் 'எல்லாம் இல்லை' என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. எல்சாட்டில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். இந்த ஒரு சொல்லில் மட்டும் ஒரு தாளுக்கு இரண்டு மூன்று புள்ளி போய்க்கொண்டிருந்தது. அடுத்த தடவை 165. கல்லூரிகள் கூடிய புள்ளியைத்தான் கணக்கில் காட்டும், எனவே திரும்ப எழுத வெட்கப்படத் தேவையில்லை.

விண்ணப்பங்கள் செப்டெம்பர் அளவில் திறக்கும், வர வர இடங்கள் நிரம்பும். நவம்பருக்குள் அனுப்பப் பாருங்கள்.

தன்விவரக் கட்டுரையில் முதலில் யுத்தத்தை எழுதினேன். உண்மைதான், ஆனால் நான் அதில் ஒரு குழந்தை, செய்தது ஒன்றுமில்லை. கிழித்துப்போட்டுவிட்டுப் பெரியம்மாவோடு நொத்தாரிசிடம் போன கதையை எழுதினேன். காணி அவவின் பெயரில், உறுதியும் கையில். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கணவரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பெரியப்பா எங்கே என்று எவருக்கும் தெரியாது. மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்று தேடி வாசித்து அவவுக்குச் சொன்னது நான். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த சட்டம் இன்றைக்கும் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்துகிறது என்பதை எழுத, சட்டம் ஏன் படிக்கிறாய் என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் தேவைப்படவில்லை.

சரி, பேரத்துக்கு வருவோம். இரண்டாவது கல்லூரி 35,000 டொலர் தருவதாக எழுதியது. இரண்டும் தரத்தில் ஏறக்குறைய சமம், இது முக்கியம். மிகக் கீழே உள்ள கல்லூரியின் கடிதத்தைக் காட்டினால் பலன் குறைவு. முதல் கல்லூரிக்கு ஐந்தே வரி எழுதினேன்: நன்றி, உங்களிடம் வரவே விருப்பம், இன்ன கல்லூரி இவ்வளவு தருகிறது, கடிதம் இணைப்பில், உதவித்தொகையை மீள்பரிசீலிக்க முடியுமா? அழுகைக் கதை இல்லை, மிரட்டலும் இல்லை. தொகையைக் கூட்டிச் சொல்லவே வேண்டாம், கடிதத்தைக் கேட்பார்கள். முற்பணம் கட்டும் திகதிக்கு இரண்டு மூன்று கிழமை முன்னரே கேளுங்கள், கட்டிய பிறகு உங்கள் பிடி தளர்ந்துவிடும். ஒன்பது நாள் கழித்து, நியூயோர்க்கில் காலை பத்து மணி, எங்களுக்கு இரவு ஏழரை, பதில் வந்தது: 32,000. அம்மா நம்பவில்லை, ஈமெயிலை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா.

35,000 இருக்க 32,000க்கு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். பெரிய தொகையின் அடியில், வகுப்பில் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால்தான் தொடரும் என்று ஒரு வரி இருந்தது. எல்லாரும் கெட்டிக்காரர்களாக இருக்கும் வகுப்பில், புள்ளிகளும் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு வளைகோட்டில் பங்கிடப்படும் இடத்தில், அது சூதாட்டம். ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடும் '509' அறிக்கையில் இப்படி எத்தனை பேர் உதவித்தொகையை இழந்தார்கள் என்று இருக்கும். பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பேரம் பேசமுன் மிச்சத்தையும் கணக்குப் பாருங்கள். மாணவர் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் தருவதற்கு முதலாம் ஆண்டுச் செலவின் மீதிக்கு வங்கிச் சான்று கேட்பார்கள். அமெரிக்க அரசுக் கடன் நமக்குக் கிடையாது, தனியார் கடனுக்குப் பெரும்பாலும் அங்குள்ள ஒருவரின் பிணைக் கையெழுத்து வேண்டும். எனக்குச் சித்தப்பா இருந்தார், ஆனால் அவர் இருப்பது டொரொன்டோவில். அந்தக் கையெழுத்து செல்லாது என்பது மே மாதம்தான் எனக்குத் தெரிந்தது.