சேர் கொண்டுவந்த பழைய புத்தகம்

எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுகூடத்தை நினைத்தால் போமலின் மணம்தான் முதலில் வரும். யன்னலோரச் சாடிகளில் தவளையும் பாம்பும் மிதக்கும். உயர்தர வகுப்பில் குருதிச் சுற்றோட்டம் படித்த நாட்கள் அவை. நாடி, நாளம், மயிர்த்துளைக் குழாய் என்று உரக்கச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டிருந்தோம். ஒருநாள் பக்கத்து வாங்கு நண்பன் எழுந்து கேட்டான்: "சேர், மருத்துவ பீடத்தில எல்லாம் இங்கிலீசிலதானே. பிறகேன் இந்தச் சொல்லுகள்?"

சேர் கோபிக்கவில்லை. அடுத்த நாள் ஒரு துணிப்பையோடு வந்தார்.

பைக்குள் பழைய வேட்டித் துண்டில் சுற்றிய தடித்த புத்தகம். ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. நடுவில் காய்ந்த வேப்பிலைகள். "மெதுவாத் திறவுங்கோ தம்பியள், ஒற்றை உடைஞ்சுபோம்" என்றார். 'இரண வைத்தியம்', 1867. அறுவைச் சிகிச்சை நூல், முழுவதும் தமிழில். சேரின் பாட்டனாரிடமிருந்து வந்ததாம். அறுவையின்போது காயத்தில் கிருமி தொற்றாமல் கார்போலிக் அமிலத்தால் காக்கலாம் என்று பிரித்தானிய அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் உலகுக்கு எழுதியதும் அதே 1867இல்தான் என்று சேர் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் 1822இல் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடம் மானிப்பாய். நான் சைக்கிளில் எத்தனையோ தரம் கடந்துபோன அந்த மானிப்பாய் ஆஸ்பத்திரி அவர் தொடங்கியது. அது எனக்கு அன்றுவரை தெரியாது.

அங்கேயே இளைஞர்களைச் சேர்த்து மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். நடுவில் சில வருடம் அமெரிக்காவுக்குப் போய், மணம் முடித்து, 1862இல் திரும்பினார். 1864இலிருந்து வகுப்பைத் தமிழுக்கு மாற்றிவிட்டார். தமிழில் படித்தவர்கள் ஊரிலேயே தங்கி ஊராரைப் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம். யாழ்ப்பாணத்தார் ஆங்கிலேயராக மாறிவிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். ஒரு மிஷனரி இப்படி நினைத்தது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். அவர்களில் பாதிக்கு மேல் தமிழிலேயே கற்றவர்கள்.

சரி, பாடப் புத்தகத்துக்கு எங்கே போவது? மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு தாமே மொழிபெயர்த்தார். லண்டனில் கிரேயின் உடற்கூற்று நூல் முதன்முதல் வெளிவந்தது 1858இல். அதையும் வேறு சிலரின் நூல்களையும் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் தமிழில் வந்துவிட்டது. வெறும் பதினான்கு வருட இடைவெளி! சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார், கிடைக்காவிட்டால் வடமொழியில், அதிலும் இல்லையென்றால்தான் ஆங்கில ஒலியைத் தமிழாக்குவார். உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் உடற்றொழிலியலுக்கு 'சுகரணம்' என்று வைத்தார். 1873இல் நாடு திரும்பிய பிறகும் வூஸ்ரரில் இருந்தபடியே தமிழ் வேலையை விடவில்லை. வேதியியல் நூலான 'கெமிஸ்தம்' 1875இல் வந்தது.

போன வருடம் பொஸ்ரனில் மருத்துவம் படிக்கும் மகளிடம் போயிருந்தேன். ஒரு மணி நேர ஓட்டம்தானே என்று வூஸ்ரருக்குப் புறப்பட்டோம். கிறீன் குடும்பத்துக் காணி இன்று நகரின் பெரிய பூங்கா. (அவருடைய அண்ணன் அன்ட்ரூ கிறீன் நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவர்.) அதைப் பார்த்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கல்லில் பாசி. கையால் துடைத்து வாசித்தேன். பெயர், 1822, 1884, கீழே 'தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர்' என்று ஆங்கிலத்தில். 'தமிழர்' என்ற சொல்லில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். சேர் இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்த இடத்திலிருந்தே அழைத்திருப்பேன்.

மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. காருக்குத் திரும்பி நடக்கும்போது "ஆர்ட்டரிக்குத் தமிழில என்ன அப்பா?" என்று கேட்டாள். நாடி என்றேன். வெயின்? நாளம். கப்பிலரி? மயிர்த்துளைக் குழாய். மயிரைப் போல அவ்வளவு மெல்லிய துளையா என்று கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடமாகியும் ஒரு சொல்லும் என்னை விட்டுப் போகவில்லை.

கார்க் கதவைத் திறந்துகொண்டே "கெமிஸ்தம்" என்றேன். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. "கெமிஸ்ட்ரி!" என்றாள் உடனே.