ஓடச் சொல்லி வளர்த்தவர்கள்

பிரான்சின் லிமோஜ் நகரில் நான் பஸ் சாரதி. வசந்த காலம் வந்தால் பள்ளிக்கூடச் சுற்றுலா ஓட்டங்கள் தொடங்கிவிடும். அதில் அடிக்கடி வருவது, இரண்டாம் உலகப் போரில் எரிக்கப்பட்ட ஒரதூர்-சுர்-கிளான் என்ற ஊர். 22 கிலோமீட்டர், அரை மணி நேர ஓட்டம்.

முதல் இரண்டு வருடம் நான் உள்ளே போகவே இல்லை. பஸ்ஸைத் தரிப்பிடத்தில் விட்டு, கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். எரிந்த வீடுகளைச் சின்ன வயதிலேயே போதுமான அளவு பார்த்துவிட்டேன் என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை, நீங்களும் வர முடியுமா என்று ஓர் ஆசிரியை கேட்டார். சரி என்று போனேன்.

1944 ஜூன் 10, சனிக்கிழமை. ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் 'தாஸ் ரைக்' என்ற ஜெர்மன் பிரிவைச் சேர்ந்தவர்கள் பிற்பகலில் வந்து ஊரைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டை பார்க்க வேண்டும் என்று எல்லாரையும் சந்தைத் திடலுக்குக் கூப்பிட்டார்கள். ஆண்களைப் பிரித்துத் தானியக் கொட்டில்களுக்குள் அடைத்துச் சுட்டு, மேலே வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்துக்குள் பூட்டித் தீ வைத்தார்கள். இறந்தவர்கள் 643 பேர். அதில் 200-க்கும் மேற்பட்டவர்கள் பிள்ளைகள். தேவாலயத்துக்குள் இருந்து உயிரோடு தப்பியவர் மார்கரித் ரூஃபான்ஷ் ஒருவர்தான். ஜன்னல் வழியாகக் குதித்து, குண்டுக் காயங்களோடு பட்டாணிச் செடிகளுக்கு நடுவே மறுநாள் வரை கிடந்தார்.

அந்த ஊரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். கூரையில்லாத சுவர்கள், ட்ராம் தண்டவாளம், துருப்பிடித்த கார்கள். பல வீடுகளில் தையல் மெசின் நிற்கிறது. மரப்பலகை எரிந்துபோய், இரும்பு மட்டும் மிச்சம். எங்கள் வீட்டிலும் அம்மாவின் சிங்கர் மெசின் ஜன்னலோரம் நின்றது. ஒரு மெசினுக்கு முன்னால் நான் நின்றுவிட்டேன். ஆசிரியை திரும்பி வந்துதான் கூட்டிக்கொண்டு போனார்.

இதைப் பதிலடி என்று சொல்வார்கள். அந்தச் சொல் எனக்குப் பொறுக்காது. அடித்தவனுக்குத் திருப்பி அடித்தால்தானே பதிலடி? அந்த நாட்களில், ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துச் சண்டை போட்ட பிரெஞ்சுப் போராளிகள் ஒரு ஜெர்மன் அதிகாரியைப் பிடித்துச் சென்றிருந்தார்கள். ஆனால் ஒரதூரில் இருந்து யாரும் சுடவில்லை. காட்டுக்குள் இருப்பவனைப் பிடிப்பது கஷ்டம். வீட்டில் இருப்பவனைப் பிடிப்பது சுலபம். இலங்கையில் எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். எங்கேயாவது கண்ணிவெடி வெடித்தால், அன்றைக்கு ரோட்டில் போனவன் அகப்படுவான். அவனுக்கும் வெடிக்கும் சம்பந்தமே இருக்காது.

பள்ளிக்கூடங்களில் இருந்த பிள்ளைகளில் தப்பியது ஒரே ஒருவன், ரோஜே கோத்ஃப்ரன். அவனுடைய குடும்பம் ஜெர்மன்காரரால் லொரேன் பகுதியில் இருந்து துரத்தப்பட்டு இங்கே வந்தது. ஜெர்மன் படையைக் கண்டால் நிற்காதே, ஓடு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அவன் ஓடினான்.

இதைக் கேட்டதும் எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. அம்மா எனக்குச் சொன்னதும் இதேதான். "ஆமியைக் கண்டால் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காதே. வயலுக்குள்ளால் ஓடு." பக்கத்து வீட்டு ஐயா மட்டும் ஓடமாட்டார். "நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே, எதற்கு ஓட வேண்டும்" என்பார். கையில் அடையாள அட்டையோடு படலையில் நிற்பார். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. சந்தைத் திடலில் கூடிய அந்த ஊர்ச் சனத்திலும் எத்தனை பேர் அதே நம்பிக்கையோடு அட்டையைக் கையில் எடுத்திருப்பார்கள்!

நீதி பற்றியும் சொல்ல வேண்டும். 1953-இல் போர்தோவில் 21 பேர் மீது விசாரணை நடந்தது. அவர்களில் 14 பேர், போரின்போது ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொண்ட பிரெஞ்சுப் பகுதியான அல்சாஸைச் சேர்ந்தவர்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள், தங்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள் என்று சொன்னவர்கள். தண்டனை கிடைத்த சில நாட்களிலேயே பிரெஞ்சுப் பாராளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டு, கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட அந்த அல்சாஸ்காரர்களை விடுவித்தது. ஒரதூர் மக்கள் அதற்கு வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களை ஊர் வாசலில் எழுதி வைத்தார்கள். படைப்பிரிவின் தளபதி லாமர்டிங்கை ஜெர்மனி ஒப்படைக்கவே இல்லை. அவர் 1971 வரை சாதாரணமாக வாழ்ந்து செத்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இப்போது ஒவ்வொரு முறையும் உள்ளே போகிறேன். பிள்ளைகள் வரும்போது சத்தமாகக் கதைத்துக்கொண்டு வருவார்கள், திரும்பும்போது பெரும்பாலும் பேசமாட்டார்கள். பஸ்ஸில் ஏறியதும் ஆசிரியை எண்ணுவார். அவர் முடித்த பிறகு நானும் ஒரு தடவை எண்ணுவேன். கடைசி இருக்கை வரை நடந்துபோய், ஒவ்வொரு தலையாக, தமிழில்.