விடுமுறையில் ஜப்பானிய மொழி: செங்கோட்டைக் குறிப்புகள்

ஏப்ரல் 21

ஜப்பானியத்தின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிரகானா, 46 எழுத்து. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நாலு கட்டத்துக்கு ஓர் எழுத்து. நடுவில் குறுக்குக்கோடு தெரிந்தால்தான் எந்தக் கோடு எங்கே திரும்புகிறது என்று பிடிபடும். உயிரெழுத்து அ, இ, உ, எ, ஒ என்று நம் வரிசையிலேயே வருகிறது. அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. வடமொழி அடைவின் வழி வந்த அடுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு வரிசை போதும். மறுநாள் காலையில் பார்க்காமல் எழுத வேண்டும்; வராததை மட்டும் திரும்ப எழுதினால் போதும். வந்ததையே நூறு தடவை எழுதுவதில் கைதான் வலிக்கும்.

ஏப்ரல் 24

கரண்ட் இல்லை. ‘நு’, ‘ரு’ இரண்டுக்கும் கடைசியில் சுழி உண்டு. ‘மே’, ‘ரோ’ இரண்டுக்கும் கிடையாது.

ஏப்ரல் 27

உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கும் வழக்கத்தை முதல் வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். ‘மறுபடி’ என்பதற்கு ஒரு சொல், ‘இன்னும்’ என்பதற்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘மதா’. முன்னதில் த வன்மை, பின்னதில் மென்மை. நமக்கு உயிருக்கு நடுவே வருகிற ஒற்றை வல்லினம் தானாகவே மெலியும். வன்மை வேண்டுமானால் இரட்டிப்போம்: பத்து, பாட்டு. ஜப்பானியத்தில் இரட்டித்தால் அது வேறு சொல். ‘வந்து’ என்பது கிதே, ‘வெட்டி’ என்பது கித்தே. ஆக வன்மையும் வேண்டும், குறுக்கமும் வேண்டும். உயிருக்கு நடுவே நம் வாய்க்குப் பழக்கமில்லாத இடம் இது ஒன்றுதான்.

வழி இருக்கிறது. சொல்லின் முதலில் வரும் நம் வல்லினம் வன்மையும் குறுக்கமும் உடையது: தலை, கல், பல். ‘ம’ சொல்லி நிறுத்தி, ‘தலை’யின் த-வைச் சொல்லி, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கைபேசியில் பதிந்து, பாடத்தின் ஒலியோடு அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து ட போடக் கூடாது. அவர்கள் நாக்கும் பல்லருகேதான் படுகிறது.

ஏப்ரல் 30

கதகானா, பிறமொழிச் சொற்களை எழுதும் ஒலியெழுத்து. ‘ஷி’யில் சிறு கோடுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்று, நீளக் கோடு கீழிருந்து மேலே. ‘ட்சு’வில் மேலே பக்கம் பக்கமாக, நீளக் கோடு மேலிருந்து கீழே. எழுதும் திசை கைக்கு வந்தால்தான் கண்ணுக்கும் வேற்றுமை தெரியும்.

மே 5

இன்று முழுக்க வினையெச்சம். மனசு நிறைந்த நாள்.

ஆங்கில வழிப் புத்தகங்கள் இதைப் பல பாடமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் புதுசாக விளக்குகின்றன. நமக்கு ஒரே பக்கம் போதும். தபேதே என்றால் சாப்பிட்டு. தபேதே மிரு, சாப்பிட்டுப் பார். மிரு என்பதே பார்தான். தபேதே ஷிமாவு, சாப்பிட்டுவிடு. கத்தே ஓகு, வாங்கி வை. மொத்தே குரு, கொண்டு வா. துணைவினை சேரும் முறையே நம்முடையது.

எச்சம் ஆக்கும் விதி: உ, ட்சு, ரு என்று முடிந்தால் த்தே. மு, பு, நு என்றால் ந்தே. சு என்றால் ஷிதே. கு என்றால் இதே. அதிலே ‘போ’ மட்டும் விலகி இத்தே ஆகும். தபேரு மாதிரி இரண்டாம் வகை வினைக்கு ரு-வை எடுத்துவிட்டுத் தே போட்டால் ஆயிற்று. யோமு, யோந்தே: மெல்லினத்துக்குப் பின் த மெலிவது நமக்கு இயல்பு, அங்கே பயமில்லை. ஆனால் தபேதே! ப மெலிய வேண்டும், கடைசித் த மெலியக் கூடாது. ஒரே சொல்லில் இரண்டும்.

மே 6

தபேதே. தபேதே. தபேதே.

மே 11

ஜப்பானிய வினையில் திணை, பால், எண், இடம் எதுவும் இல்லை. நான் போனேன், அவள் போனாள், அவர்கள் போனார்கள், எல்லாமே இகிமாஷிதா. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இது மொட்டையாகத் தெரியும். புனலூர் சேச்சி மலையாளம் பேசுவதைக் கேட்டால் சங்கடம் தீர்ந்துவிடும்: ஞான் போயி, அவள் போயி, அவர் போயி.

மே 12

வெயில். ஒன்றும் ஓடவில்லை.

மே 16

கிழமைகளோடு கஞ்சி எழுத்தை, அதாவது சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்தை, தொடங்கினால் ஏழு எழுத்து ஒரே நாளில் வரும். வரிசை நம் கோள் வரிசையேதான். ஞாயிறு சூரியன், திங்கள் நிலா, செவ்வாய்க்கு நெருப்பு, புதனுக்கு நீர், வியாழனுக்கு மரம், வெள்ளிக்குப் பொன், சனிக்கு மண். கோடு போடுவது மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். ஓர் எழுத்தின் எல்லா ஒலிகளையும் தனியே மனப்பாடம் செய்வது வீண். மலை எழுத்து தனியே யாமா, நெருப்போடு சேர்ந்து எரிமலையானால் கசான். சொல்லாகப் படித்தால் ஒலி தானே ஒட்டிக்கொள்ளும். அன்றாட வழக்குக்கென்று அரசு வகுத்த பட்டியல் 2,136. இந்த லீவுக்கு முதல் வகுப்புப் பிள்ளைகளின் 80 போதும்.

மே 19

“சித்தி, ஆங்கிலப் புத்தகத்துல இந்த இடத்துல மட்டும் ‘ஓ’ வராதுன்னு போட்டிருக்கே, ஏன்?” என்று சின்னவள் கேட்டாள். ஓ என்பது நம் ஐ உருபு. ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’, ‘எனக்குத் தமிழ் தெரியும்’ என்கிறோம். மாம்பழத்துக்கும் தமிழுக்கும் இங்கே ஐ தேவைப்படவில்லை. அங்கேயும் இவை எழுவாய்க்குரிய ‘கா’ ஏற்கும், ஓ ஏற்காது. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போனால்தான் இது விதிவிலக்கு.

மே 23

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு (JLPT) டிசம்பர் முதல் ஞாயிறு. சென்னையில் மையம் உண்டு. தொடக்க நிலையான ஐந்தாம் நிலைக்கு 180-க்கு 80 வேண்டும். மொழியறிவும் வாசிப்பும் சேர்த்து 120-க்கு 38, கேட்டலில் 60-க்கு 19. இதில் ஒன்று குறைந்தாலும் தேர்ச்சி இல்லை. பேச்சுத் தேர்வு கிடையாது. கேட்டல் பகுதியில் ஒலி ஒரே தடவைதான் ஓடும். அங்கே மதா வந்தால் எந்த மதா?

தமிழிலிருந்து வந்த மொழிதானே என்று மறுபடியும் ஒருவர் கேட்டார். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) அப்படி ஒரு தொடர்பை முன்வைத்தார். மொழியியலார் பெரும்பாலும் ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாக்கியம் ஒரே வரிசையில் நடக்கிறது. படிக்கிறவருக்கு அதுவே பெரிய கொடை.

மே 28

தேதிகள். நாலாம் தேதி யொக்கா, எட்டாம் தேதி யோகா. ஒன்றில் ஒற்று, மற்றதில் நெடில், இரண்டிலும் க வன்மை. சின்னவளுக்கு நாளை காலண்டரை வைத்து ஒன்று முதல் பத்து வரை, பிறகு 20. சாரல் விழத் தொடங்கிவிட்டது, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது.