குக்கர் விசிலும் 89 டெசிபெலும்

ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கு வந்த மூன்றாவது வாரமே கீழ்வீட்டுப் பாட்டி படியேறி வந்து கதவு மணியை அடித்தார். அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது 'பத்து மணி' என்பது மட்டும்தான். இங்கே ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அமைதி நேரம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் போட்டிருந்தது என்னவோ ஜெர்மன் பாடம்தான். ஈனக்குரலில் கேட்கிறதே என்று சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். பாடம் முடிந்து அடுத்த கோப்பு ஓடத் தொடங்கியது. அது நாதஸ்வரம்.

புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பில் 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் நாட்டைப் பற்றிய பாடம். அந்த ஒலிக்கோப்புகள், ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டுகள், தம்பி பதிவு செய்து அனுப்பும் அம்மாவின் பேச்சு எல்லாம் ஒரே எம்பி3 பிளேயரில் கிடந்தன. ட்ராமில் போகும்போது பாடத்தில் 'ஷோன்' எது, 'ஷ்யோன்' எது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். முன்னது 'ஏற்கெனவே', பின்னது 'அழகு'. அடுத்த நொடி தவில் தலையில் இறங்கும்.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் சிரியாவின் அலெப்போக்காரப் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கு இருந்தவை இரண்டே சொற்கள்: 'லவுட்', 'லைஸ'. சத்தம், மெல்ல. அதுவே போதுமாக இருந்தது. மறுநாள் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தாள். அதில் எம்பி3கெய்ன், எம்பி3 கோப்புகளின் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் மென்பொருள், போர்ட்டபிள் வடிவம். வீட்டில் இருந்தது கணவரின் அலுவலக லேப்டாப். அதில் எதையும் நிறுவ அனுமதி இல்லை. இதை நிறுவவே வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓடும். அவர் முகத்தைச் சுளித்தாலும் அரைமணி நேரம் கொடுத்தார்.

முதல் தடங்கல் நம் எழுத்தால் வந்தது. தமிழில் பெயர் வைத்த கோப்புகளெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகளாக நின்றன. ஆங்கில எழுத்தில் பெயர் மாற்றிய பிறகுதான் திறந்தன. அலசச் சொன்னதும் பாடங்களுக்கு 81, 82 என்று எண் காட்டியது, நாதஸ்வரத்துக்கு 98. எல்லாவற்றையும் 89 டெசிபெலுக்குக் கொண்டுவருவது அதன் வழக்கம். பாட்டை அவிழ்த்துத் திரும்பச் சுருக்குவதில்லை. எம்பி3-யின் ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது கோப்பின் சின்னஞ்சிறு துண்டிலும், இருக்கும் ஒலியளவு எண்ணை மட்டும் 1.5 டெசிபெல் படிகளாகத் திருத்துகிறது. அதனால் தரம் கெடுவதில்லை, வேண்டாமென்றால் பழையபடி ஆக்கவும் முடிகிறது.

அம்மா பேச்சில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அதற்கு முன் வேறொரு மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. பின்னால் குக்கர் விசில்! அது கோப்பின் உச்சத்தை மட்டும் பார்க்கும் ரகம். விசில் ஏற்கெனவே உச்சியைத் தொட்டிருந்ததால், இனி ஏற்ற இடமில்லை என்று விட்டுவிட்டது. எம்பி3கெய்ன் அப்படியில்லை. 2001-இல் டேவிட் ராபின்சன் முன்வைத்த ரீப்ளேகெய்ன் முறையில், கோப்பை நொடியில் இருபதில் ஒரு பங்கு துண்டுகளாக வெட்டி, காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படும் என்று ஒவ்வொன்றையும் அளந்து வரிசைப்படுத்துகிறது. உச்சியில் இருக்கும் 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, மீதியில் உச்சமாக நிற்பதை வைத்து முடிவு செய்கிறது. விசில் அந்த 5 சதவீதத்தில் போயிற்று. குரல் ஏறியது. கூடவே மின்விசிறி இரைச்சலும் காக்கையும் ஏறின, அதை என்ன செய்ய. ஏற்றினால் விசில் பிசிறடிக்கும் என்று சிவப்பில் எச்சரித்தது. பிசிறட்டும் என்று விட்டேன்.

ஆனால் அன்றிரவு கேட்கும்போது ஏதோ இடறியது. சித்தியிடம் கத்தியதும், "அப்பாகிட்ட சொல்லிடாதடி" என்று என்னிடம் கிசுகிசுத்ததும் ஒரே சத்தத்தில் வந்தன. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சமன் செய்ததன் வினை. மறுநாள் பழையபடி ஆக்கிவிட்டு, அம்மாவின் கோப்புகளை மட்டும் ஒரே ஆல்பமாக வைத்துத் திரும்பச் செய்தேன். அப்படிச் செய்தால் மொத்தமாக ஏறும். ஒன்றுக்கொன்று இருக்கும் ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும்.

இப்போது பாடமும் நாதஸ்வரமும் ஒரே அளவில் ஓடுகின்றன. கீழ்வீட்டுப் பாட்டி மறுபடி வரவில்லை. அம்மாவின் ரகசியம் மட்டும் இன்னும் 'லைஸ'தான். ட்ராமில் அதற்கு மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறேன்.