நெட் தேர்வு: ஸ்க்ரைப்புக்கும் பயிற்சி கொடுங்கள்

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டின் ரிசல்ட் வந்துவிட்டது. தமிழில் ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆய்வு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. எனக்கு முற்றிலும் பார்வை கிடையாது. பாடத்திட்டம், புத்தகப் பட்டியல் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஸ்க்ரைப் (வினாவை வாசித்து, நாம் சொல்லும் விடையைப் பதிபவர்) வைத்து எழுதப்போகிறவர்களுக்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

கடைசி மாதத்தில் புதிதாக எதையும் எடுக்காதீர்கள். ஸ்க்ரைப்புடன் உட்காருங்கள். 2018 வழிகாட்டுதலின்படி, நாமே அழைத்துவரும் ஸ்க்ரைப்பின் படிப்பு நம்முடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டியிருந்தது. எனக்கு வந்தது பி.எஸ்சி. படிக்கும் பெண். கெட்டிக்காரி. ஆனால் சங்கப் பாடலடியை எங்கே பிரித்து வாசிப்பது என்று பழகவே அவளுக்கு நாள் பிடித்தது.

நேரத்தை விழுங்குவது பொருத்துக வினாதான். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஒரு பக்கம். ஊடல், இருத்தல், இரங்கல், புணர்தல் மறுபக்கம். நான்கு விடைக் குறிப்புகளையும் வரிசையாக வாசித்தால், நான்காவது வரும்போது முதலாவது மறந்துபோகும். அதனால் பட்டியல்களை மட்டும் வாசிக்கச் சொல்வேன். "முல்லைக்கு இருத்தல், அதாவது இரண்டு. எந்தெந்த விடையில் இருக்கு?" என்று கேட்பேன். மற்றதை அவள் விட்டுவிடுவாள். அடுத்து மருதம். பெரும்பாலும் அதிலேயே விடை சிக்கிவிடும். 150 வினாவையும் காதால் கேட்டே முடிக்க வேண்டும் என்பதால் இந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது.

அப்புறம் சில:

- அறமா அரமா என்று சந்தேகம் வந்தால் "வல்லின ற", "இடையின ர" என்று சொல்லப் பழக்குங்கள்.
- எல்லோருக்கும் பொதுவான தாள் 1 தமிழில் வராது. ஆங்கிலம் தடையில்லாமல் வாசிப்பவராகப் பாருங்கள்.
- அட்டவணைக் கணக்கில் முதலில் தலைப்புகள், பிறகு வினா, அதன் பிறகே எண்கள்.
- கணினியில் எந்த விடையைத் தட்டினார், 'சேவ்' ஆனதா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லட்டும்.
- மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் நம் உரிமை. 3 மணி நேரத் தேர்வு நமக்கு 4 மணி நேரம். நேரத்துக்கு முன்பே எழுந்துவிடாதீர்கள்.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நான் எம்.ஏ. படித்த இடத்தில் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் வரும், இல்லையென்றால் ஸ்கேன் செய்த படமாக வரும். யூனிகோடு அல்லாத பாமினியை, திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் வாசித்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் காதில் விழும். தோழிகள் இரவெல்லாம் வாசித்துப் பதிவு செய்து தந்ததால்தான் நான் படித்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 சதவீத இடம் தருகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்தவர் படிக்கவும் வேண்டுமே. யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள், போதும்.